விருது வாங்காத மெல்லிசை மன்னர்

1968ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சிறந்த பாடலாசிரியருக்கு முதன்முதலாக விருது கொடுத்தது அந்த வருடம்தான். வாங்கியவர் கண்ணதாசன், படம் 'குழந்தைக்காக'. சிறந்த பின்னணிப் பாடகி என்ற விருதும் அந்த வருடம்தான் ஆரம்பம். வாங்கியவர் பி.சுசீலா, படம் 'உயர்ந்த மனிதன்'. இந்த இரண்டு படங்களுக்கும் இசை ஒரே ஆள்... எம்.எஸ்.விஸ்வநாதன்.

சரி, அந்த வருடத்தின் சிறந்த இசையமைப்பாளர் யார்? 'சரஸ்வதிசந்திரா' என்ற இந்திப் படத்துக்காக கல்யாண்ஜி-ஆனந்த்ஜி.

ஒரு படத்தில் பாட்டு எழுதியவருக்கு விருது, இன்னொரு படத்தில் பாட்டைப் பாடியவருக்கு விருது. இரண்டுக்கும் மெட்டுப் போட்டவருக்கு ஒன்றும் இல்லை. இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து என்று விட்டுவிடலாம் என்றால், 1975இல் மறுபடியும் அதே கதை. 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக வாணி ஜெயராமுக்கு சிறந்த பாடகி விருது கிடைத்தது. இசை எம்.எஸ்.வி. சிறந்த இசையமைப்பாளர் விருது 'சமேலி மேம்சாப்' என்ற அசாமியப் படத்துக்காக பூபேன் ஹசாரிகாவுக்குப் போனது. நடுவில் 1971இல் எம்.ஜி.ஆருக்கு சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்கும் எம்.எஸ்.வி.தான் இசை.

2015 ஜூலை 14 அன்று தனது 87வது வயதில் எம்.எஸ்.வி. காலமானார். அதுவரை ஒரு தேசிய விருதும் அவருக்குக் கிடைக்கவில்லை. பத்மஸ்ரீ கூட இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக தமிழ்நாட்டின் காற்றில் மிதந்த பாட்டுகளில் பெரும்பகுதியைப் போட்டவருக்கு இந்திய அரசு தந்த மரியாதை அவ்வளவுதான்.

இதற்கு டீக்கடையில் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். "டெல்லிக்காரனுக்குத் தமிழன் என்றால் இளக்காரம்." ஆனால் இந்தப் பதில் முழுசாகப் பொருந்தவில்லை. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலில் வழங்கப்பட்டது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அந்த முதல் விருதை வாங்கியதே ஒரு தமிழ்ப் படம்தான்! 'கந்தன் கருணை' படத்துக்காக கே.வி.மகாதேவன் வாங்கினார். ஆக, மொழி மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு என்னவோ இருக்கிறது. அது என்ன என்று தேடிப் போனால், நம் நாட்டில் எதைக் 'கலை' என்கிறார்கள், எதை 'வெறும் சினிமாப் பாட்டு' என்கிறார்கள் என்ற பெரிய கேள்வியில் போய் நிற்கிறது.

ஆபீஸ் பையனாக இருந்து மன்னர் வரை

எம்.எஸ்.வி. பிறந்தது 1928 ஜூன் 24, பாலக்காடு பக்கம் எலப்புள்ளி கிராமத்தில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் கொஞ்ச காலம் பாட்டுக் கற்றுக்கொண்டார். ஒழுங்கான பள்ளிப் படிப்பு கிடையாது. அவருடைய ஆசை நடிகனாக வேண்டும் என்பதுதான். ஜூபிடர் பிக்சர்ஸில் வந்து சேர்ந்தது எடுபிடி வேலைக்கு. அங்கே இசையமைப்பாளராக இருந்த எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தை யாரும் இல்லாத நேரத்தில் வாசித்துப் பார்ப்பாராம். 'அபிமன்யு' (1948) படத்தில் ஒரு பாட்டின் மெட்டு அந்தப் பையன் போட்டது என்றும், அது நாயுடுவின் பெயரில் வந்தது என்றும், பிறகு நாயுடுவே முதலாளியிடம் உண்மையைச் சொல்லிப் பையனுக்கு சிபாரிசு செய்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

பிறகு சென்னையில் சி.ஆர்.சுப்பராமனின் குழு. அங்கே வயலின் வாசித்தவர் டி.கே.ராமமூர்த்தி, திருச்சிக்காரர், வயலின் பரம்பரையில் வந்தவர். 1952இல் சுப்பராமன் முப்பது வயதுகூட ஆகாமல் திடீரென்று இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட படங்களை ('தேவதாஸ்' உட்பட) இந்த இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் 'விஸ்வநாதன்-ராமமூர்த்தி' என்று இரட்டைப் பெயர் டைட்டிலில் வந்தது. இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தமிழுக்கும் அப்படி ஒரு ஜோடி இருக்கட்டும் என்று சேர்த்து வைத்தவர் கலைவாணர்.

அடுத்த 13 வருடங்கள் அவர்களுடையது. 1961இல் மட்டும் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. 1964இல் 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்'. 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்'. இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் படித்தால் போதும். கர்ணனில் இந்துஸ்தானி ராகங்கள், காதலிக்க நேரமில்லையில் மேற்கத்திய துள்ளல், பாசமலரில் கிராமத்துத் தாலாட்டின் ஈரம்... எல்லாம் ஒரே இரண்டு பேரிடமிருந்து, மூன்று நான்கு வருடங்களுக்குள். 1963இல் சென்னையில் நடந்த ஒரு விழாவில் சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் கிடைத்தது.

1965இல் இருவரும் பிரிந்தார்கள். ராமமூர்த்தி தனியாக இருபதுக்கும் குறைவான படங்களே செய்தார். இசை ஞானத்தில் அவர் குறைந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தயாரிப்பாளர்கள் எம்.எஸ்.வி. பக்கம் போனார்கள். 'அன்பே வா', 'சிவந்த மண்', 'உலகம் சுற்றும் வாலிபன்', பாலச்சந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை', 'அபூர்வ ராகங்கள்', 'நினைத்தாலே இனிக்கும்', 'வறுமையின் நிறம் சிவப்பு' என்று 1980 வரை அவர் கை ஓயவில்லை. எம்.ஜி.ஆர். படத்துக்கும் அவர்தான், சிவாஜி படத்துக்கும் அவர்தான். இதைவிட வியாபார வெற்றி என்று ஒன்று தமிழ் சினிமாவில் இருக்க முடியாது.

விருது வருவதற்குள் பாதி வாழ்க்கை முடிந்துவிட்டது

முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது. பலரும் கவனிக்காதது.

தேசியத் திரைப்பட விருதுகள் 1954இல் தொடங்கின. ஆரம்பத்தில் படங்களுக்குத்தான் பரிசு. நடிகர், இசையமைப்பாளர் போன்ற தனி ஆட்களுக்கான விருதுகள் வந்தது 1967ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான். விஸ்வநாதன்-ராமமூர்த்தி பிரிந்தது 1965இல். அதாவது 'பாவமன்னிப்பு', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' எதுவுமே அந்தப் போட்டியில் கலந்துகொண்டிருக்கவே முடியாது. அப்படி ஒரு போட்டியே அப்போது இல்லை! ராமமூர்த்திக்கு ஏன் தேசிய விருது இல்லை என்று கேட்பதும், ஜி.ராமநாதனுக்கு ஏன் இல்லை என்று கேட்பதும் இதனால்தான் அர்த்தமில்லாமல் போகிறது. ஜி.ராமநாதன் 1963லேயே இறந்துவிட்டார்.

ஆனால் எம்.எஸ்.வி.க்கு 1967க்குப் பிறகும் பதின்மூன்று, பதினான்கு நல்ல வருடங்கள் இருந்தன. எனவே இந்தக் காரணம் பாதி வழிக்குத்தான் வரும்.

யாருக்குக் கொடுத்தார்கள்?

இரண்டாவது காரணத்துக்குப் பட்டியலைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். 1973இல் சத்யஜித் ராய் ('அஷானி சங்கேத்'). 1974இல் ஆனந்த சங்கர், மிருணாள் சென்னின் 'கோரஸ்'. 1977இல் பி.வி.காரந்த் ('கடஸ்ரத்தா'). இவர்கள் யாரும் சினிமாப் பாட்டை நம்பிப் பிழைத்தவர்கள் அல்ல. ராய் உலகப் புகழ் பெற்ற இயக்குநர். காரந்த் நாடகக்காரர். அந்தப் படங்களும் 'கலைப்படம்' என்று தனியாக வைக்கப்பட்டவை.

தென்னிந்தியா பக்கம் வந்த விருதுகள் இன்னும் சுவாரஸ்யம். 1967 'கந்தன் கருணை', பக்திப் படம். 1979 'சங்கராபரணம்', மறுபடியும் கே.வி.மகாதேவன், கதாநாயகனே கர்நாடக சங்கீத வித்வான். 1982 'மேகசந்தேசம்', ரமேஷ் நாயுடு. 1983 'சாகர சங்கமம்', இளையராஜா, கதை ஒரு நாட்டியக் கலைஞனைப் பற்றியது. 1985 'சிந்து பைரவி', இளையராஜா, கதாநாயகன் பாகவதர். 1986இல் 'மத்வாச்சார்யா' படத்துக்காக பாலமுரளி கிருஷ்ணா, அவர் நிஜமாகவே வித்வான். 1988 'ருத்ரவீணா', இளையராஜா, கதையில் அப்பா பெரிய சங்கீத வித்வான்.

கவனித்தீர்களா? படத்தின் கதையிலேயே சங்கீதமோ நாட்டியமோ சாமியோ இருந்தால்தான் அந்தப் படத்தின் இசை கலையாகத் தெரிந்திருக்கிறது. 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்', 'மூன்றாம் பிறை', 'முதல் மரியாதை'... இளையராஜாவின் இந்தப் படங்கள் எதற்கும் இசை விருது இல்லை. தம்பூராவும் மிருதங்கமும் திரையில் தெரிந்த படங்களுக்கு வந்தது.

இதே அளவுகோலை எம்.எஸ்.வி.க்கு வைத்துப் பாருங்கள். அவருடைய இசை வழியாக வந்த இன்னொரு விருதான வாணி ஜெயராமின் 1975 விருது எந்தப் படத்துக்கு? 'அபூர்வ ராகங்கள்'. கதாநாயகி கச்சேரி பண்ணும் பாடகி. பாலமுரளி கிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட மகதி ராகத்தை எம்.எஸ்.வி. சினிமாவுக்குள் கொண்டுவந்த படம். அதாவது அவருடைய படம் ஒன்று இந்தக் கட்டத்துக்குள் வந்தபோது டெல்லியின் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் விருது தொண்டைக்குப் போனது, மெட்டுக்குப் போகவில்லை.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. தேசிய விருதுக்கு யாரும் தானாகத் தேடி வந்து கொடுப்பதில்லை. தயாரிப்பாளர் படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அதை முதலில் இங்கே உள்ள குழு பார்க்கும், பிறகுதான் டெல்லிக் குழு. ஒரு மசாலாப் படத்தைத் தயாரித்தவருக்கு வெள்ளிவிழா முக்கியம். பாட்டுக்காக மட்டும் படத்தைப் பெட்டியில் போட்டு டெல்லிக்கு அனுப்ப அவருக்கு என்ன அவசியம்? படம் சுமார், பாட்டு பிரமாதம் என்பதுதான் எம்.எஸ்.வி.யின் பல படங்களின் கதை. அந்த மாதிரிப் படங்களுக்கு இந்த முறையில் வழியே கிடையாது.

ஆர்மோனியம் செய்த பாவம்

மூன்றாவது காரணம் இன்னும் பழையது. சினிமாப் பாட்டின் மேல் அரசாங்கத்துக்கே இருந்த வெறுப்பு.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை மந்திரியாக வந்தவர் பி.வி.கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் குறைக்கப்பட்டு, கொஞ்ச நாளில் காணாமலே போயின. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலி பக்கம் திருப்பினார்கள்! இந்தியில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் என்று இலங்கை வானொலிக்கு நல்ல வேட்டை. தமிழ்நாட்டு வீடுகளில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகள் கடல் தாண்டி வந்த அலைகளில் கேட்கப்பட்டன. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இதைவிட வேடிக்கை ஆர்மோனியத்தின் கதை. வெளிநாட்டுப் பெட்டி, கமகம் வராது, நம் சங்கீதத்துக்கு ஆகாது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தடை, சுதந்திரம் வந்த பிறகும் தொடர்ந்து, 1971இல்தான் தளர்ந்தது. எம்.எஸ்.வி.யின் வாழ்க்கையே ஆர்மோனியம். கண்ணதாசன் எதிரில் உட்கார்ந்திருக்க, கை ஆர்மோனியத்தில் ஓட, வாய் 'தத்தகாரம்' போட, அங்கேதான் பாட்டுப் பிறக்கும். அவர் உச்சத்தில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில், அவர் மெட்டுப் போட்ட வாத்தியத்துக்கே நாட்டின் வானொலி நிலையத்தில் இடம் இல்லை. அப்படி இருந்த அதிகார வர்க்கம், அந்தப் பெட்டியிலிருந்து வந்த பாட்டை மட்டும் கலை என்று எப்படி ஏற்றுக்கொள்ளும்?

'மெல்லிசை' என்ற பெயரையே யோசித்துப் பாருங்கள். ஆசையாகக் கொடுத்த பட்டம்தான். ஆனால் எடை போடுகிறவர்கள் காதில் அது 'கனம் இல்லாத இசை' என்றும் விழும்.

வெற்றி யாருடைய பையில்?

விருது போனால் போகட்டும், பணமாவது கிடைத்ததே என்று சொல்லலாம். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது.

1977இல் இசை உரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்துப் போட வைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளர்தான். ஆக, ஒரு பாட்டு ஆயிரம் தடவை ரேடியோவில் ஓடினாலும், லட்சம் ரெக்கார்டு விற்றாலும், மெட்டுப் போட்டவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தப் படத்துக்கான சம்பளம் மட்டும். நிலைமை சட்டப்படி மாறியது 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று அப்போதுதான் வந்தது. எம்.எஸ்.வி.க்கு அப்போது வயது 84.

'வியாபார வெற்றி' என்று நாம் சொல்லும்போது அது யாருடைய வெற்றி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. படம் ஓடியது, கம்பெனி சம்பாதித்தது, கதாநாயகன் ஏழைகளின் தலைவனாக வளர்ந்தார். இசையமைப்பாளருக்கு மிஞ்சியது அடுத்த படம். அடுத்த படம் வரும்வரைதான் வெற்றி. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது, இளையராஜா வந்தார். ஐந்தாறு வருடங்களில் காற்று திசை மாறிவிட்டது. எம்.எஸ்.வி.க்குப் படங்கள் குறைந்துகொண்டே வந்தன. 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் இளையராஜாவே அவரோடு சேர்ந்து இசையமைத்தார். 1998இல் 'காதல் மன்னன்', 'காதலா காதலா' படங்களில் எம்.எஸ்.வி. நடித்தார். சின்ன வயதில் கண்ட நடிகர் கனவு எழுபது வயதில் பலித்தது!

எம்.எஸ்.வி. மட்டும்தானா?

இந்தியிலும் இந்தக் கதை உண்டு. ஆர்.டி.பர்மனுக்கு தேசிய விருது கிடைத்ததே இல்லை. எழுபதுகளில் இளைஞர்களைக் கட்டிப்போட்டவர் அவர். பிலிம்பேர் விருதே எண்பதுகளில்தான் வந்தது. கடைசியில் வாய்ப்பில்லாமல் இருந்து, 1994 ஜனவரியில் இறந்தார். அதற்குப் பிறகு வெளியான '1942: எ லவ் ஸ்டோரி' பெரிய ஹிட். அதற்காக இறந்தவருக்கு பிலிம்பேர் விருது கொடுத்தார்கள்.

நேர் எதிர்க் கதை மதன் மோகன். கஜல் மெட்டுகளில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். 1970இல் 'தஸ்தக்' படத்துக்கு தேசிய விருது வாங்கினார். ஆனால் பெரிய பேனர்கள் அவரைத் தேடி வந்தது குறைவு. உயிரோடு இருந்தவரை ஒரு பிலிம்பேர் விருதுகூட இல்லை. அவரிடம் கலைக்கான அங்கீகாரம் இருந்தது, மார்க்கெட் இல்லை. ஆர்.டி.பர்மனிடம் மார்க்கெட் இருந்தது, அந்த அங்கீகாரம் இல்லை. இருவருக்கும் மனக்குறை.

ஹாலிவுட்டும் தப்பவில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் வயலின் அலறலை உலகமே அறியும். அதைச் செய்த பெர்னார்ட் ஹெர்மனுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை. 'வெர்டிகோ'வுக்கும் இல்லை. இத்தாலியின் என்னியோ மோரிகோனி 400க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். 2007இல் ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். போட்டியில் ஜெயித்து ஆஸ்கர் வாங்கியது 2016இல், 87வது வயதில். எம்.எஸ்.வி. இறந்த அதே வயது. ஒருவருக்கு விருது காத்திருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

1992இல் சுவர் உடைந்தது

1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் இரண்டு தமிழ்ப் படங்கள் மோதின. இளையராஜாவின் 'தேவர் மகன்', ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படம் 'ரோஜா'. நடுவர் குழுவில் ஓட்டு சரிசமமாகப் பிரிந்தது. தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை 'ரோஜா'வுக்குப் போட்டார். பாலு மகேந்திராவின் பெரும்பாலான படங்களுக்கு இசை இளையராஜா என்பது இங்கே நினைவில் வைக்க வேண்டிய விஷயம். 'தேவர் மகன்' படத்துக்காக எஸ்.ஜானகி சிறந்த பாடகி விருது வாங்கினார்.

இதில் யார் ஜெயித்தார் என்பதைவிட முக்கியமானது வேறு. 'ரோஜா'வில் பாகவதர் இல்லை, சலங்கை இல்லை, சாமி இல்லை. கம்ப்யூட்டரும் சிந்தசைசரும் வைத்து ஒரு 25 வயதுப் பையன் செய்த முழு சினிமாப் பாட்டுகள். விருது தொடங்கி 25 வருடங்கள் கழித்து, தெற்கிலிருந்து வந்த மெல்லிசை மெல்லிசையாகவே மேடை ஏறியது. பிறகு 2009இல் ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர். இளையராஜாவுக்கு 2010இல் பத்மபூஷண், 2018இல் பத்மவிபூஷண். 2022இல் அவரை ராஜ்யசபா உறுப்பினராக நியமித்தார்கள். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு அரங்கேறியது.

சினிமா இசைக்காரர்கள் கலைஞர்கள்தான் என்று நாடு ஒப்புக்கொள்ள ஆரம்பித்தபோது எம்.எஸ்.வி. உயிரோடுதான் இருந்தார். ஆனால் ஃபீல்டில் இல்லை. விருதுக் குழு எப்போதும் இந்த வருடத்துப் படத்தைத்தான் பார்க்கும். பத்ம விருதுக்கு அந்தத் தடை இல்லை. வாழ்நாள் பணிக்காகவே அதைக் கொடுக்கலாம். அதற்கு மாநில அரசோ வேறு யாரோ பெயரை அனுப்ப வேண்டும், அதற்குப் பின்னால் நின்று தள்ள வேண்டும். தனக்காக யாரிடமும் போய் நிற்கும் சுபாவம் எம்.எஸ்.வி.க்கு இல்லை என்று அவரோடு பழகியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 2012இல் முதலமைச்சர் ஜெயலலிதா எம்.எஸ்.வி.க்கும் ராமமூர்த்திக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும் ஆளுக்கு 60 பொற்காசுகளும் காரும் கொடுத்தார். நல்ல மரியாதைதான். ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் நடந்தது. அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி இறந்துபோனார்.

மறுபக்கமும் உண்டு

எம்.எஸ்.வி.க்கு அநியாயம் நடந்தது என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஜனங்களுக்குப் பிடித்தது எல்லாம் கலை ஆகிவிடாது. ஒரு வருடத்தில் பத்து, பதினைந்து படம் செய்கிறவர் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் செய்ய முடியாது. அவசரத்தில் போட்டவை, மேல்நாட்டு மெட்டுகளின் சாயல் உள்ளவை என்று அவரிடமும் உண்டு. விருதுக் குழுக்கள் சத்யஜித் ராயையும் பூபேன் ஹசாரிகாவையும் தேர்ந்தெடுத்ததும் தப்பில்லை. அவர்கள் தகுதி இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் அதுதான் அநியாயம். மார்க்கெட்டில் வலுவில்லாத நல்ல படங்களைத் தூக்கிவிடத்தான் தேசிய விருதே தொடங்கப்பட்டது. ஏற்கெனவே வெள்ளிவிழா கொண்டாடியவருக்கு எதற்கு அரசாங்கத்தின் கைதட்டல் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

வியாபாரமும் கலையும் எதிரிகள் என்று நினைப்பதும் தப்பு. கே.வி.மகாதேவனையே பாருங்கள். நாகர்கோவில்காரர். 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்' செய்த அதே கைதான் தேவர் பிலிம்ஸின் எம்.ஜி.ஆர். படங்களுக்கு ஹிட் பாட்டுகளும் போட்டது. 'சங்கராபரணம்' விருதும் வாங்கியது, வசூலும் செய்தது. இரண்டு குதிரையிலும் ஏறிப் போனவர் அவர். ஆனால் அவருக்கும் தேசிய விருது வந்தது முருகன் படத்துக்கும் பாகவதர் படத்துக்கும்தான், தேவர் படத்துக்கு இல்லை. மகாதேவனுக்கும் பத்ம விருது கிடையாது.

ஆகவே பிரச்சினை எம்.எஸ்.வி. என்ற ஒரு ஆளுக்கு ஒரு பதக்கம் போனதா வந்ததா என்பது அல்ல. ஒரு கூலிக்காரனும் ஒரு கலெக்டரும் ஒரே மாதிரி முணுமுணுக்கிற மெட்டைப் போடுவது ஒரு தனித் திறமை. மூன்று நிமிடத்துக்குள், கதைக்கும் நடிகருக்கும் பொருந்தும்படி, சங்கீதம் தெரியாதவன் வாயிலும் நுழையும்படி ராகத்தைச் சுருக்கித் தருவதற்கு இலக்கணப் புத்தகம் இல்லை. இலக்கணம் இல்லாததால் அதை அளக்கிற ஆட்களும் அப்போது இல்லை. அளக்கத் தெரியாததை 'லேசானது' என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தச் சுலபமான வேலையைத்தான் 1952இல் வானொலியும், பிறகு விருதுக் குழுக்களும் ரொம்ப நாள் செய்தன.

2015 ஜூலையில் எம்.எஸ்.வி. இறந்த சில நாட்களில் சென்னையில் இளையராஜா ஒரு அஞ்சலிக் கச்சேரி நடத்தினார். 'என்னுள்ளில் எம்.எஸ்.வி.' என்று அதற்குப் பெயர். எம்.எஸ்.வி.யின் சாம்ராஜ்யத்தை முடித்து வைத்தவர் என்று உலகம் சொல்கிற அதே ஆள், என் இசைக்குள் இருப்பது அவர்தான் என்று மேடை போட்டுச் சொன்னார். மூன்று வருடம் கழித்துப் பத்மவிபூஷண் வாங்கியவரும் அவர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் எம்.எஸ்.வி.க்கு வர வேண்டியதில் ஒரு பங்கு சுற்று வழியில் வந்துவிட்டது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள்.

சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கும் எத்தனையோ பேர் சினிமாவுக்கும் சீரியலுக்கும் கானா மேடைக்கும் மெட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்று நாம் இப்போது ஒதுக்குகிறவர்களில் யார் நாளைய மெல்லிசை மன்னர் என்று யாருக்குத் தெரியும்? அதையாவது அவர்கள் உயிரோடு இருக்கும்போதே காது கொடுத்துக் கேட்டால் நல்லது.